பூண்டு மூட்டையும் ஒரு குத்தகைப் பத்திரமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

வடுகபட்டி என்றதும் பலருக்கும் பூண்டு வாசம்தான் நினைவுக்கு வரும். பெரியகுளத்தை அடுத்த எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கொடைக்கானல் மலைப் பூண்டும் வரும். மத்தியப் பிரதேசத்துப் பூண்டும் லாரியில் வந்து இறங்கும். அந்த மூட்டைகளைச் சுமக்கும் தொழிலாளர்களுள் என் தந்தையும் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவள் நான்.

பட்டம் பெற்றதும் பி.எட். முடித்து ஆசிரியை ஆகிவிட வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். எனக்கோ, பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளும் பொதுக் கொள்கையும் பயில வேண்டும் என்று ஆசை. தயங்கித் தயங்கி இதைச் சொன்ன அன்று, அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதப் படிச்சா மூட்டைக் கூலி ஏறுமா தாயி?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கிலோ பூண்டு 400 ரூபாயைத் தாண்டி விற்றது. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. விலை ஏறிவிட்டது, இனி நம் வீட்டிலும் காசு புழங்கும் என்று மகிழ்ந்தேன். அப்பாவோ நண்பகலுக்கு முன்பே வெறுங்கையுடன் வீடு திரும்பினார். வரத்து குறைந்ததால் அல்லவா விலை ஏறியது? வியாபாரிக்கு விலை கிலோவுக்கு. அப்பாவுக்குக் கூலி மூட்டைக்கு. மூட்டை இல்லையேல் கூலியும் இல்லை. ஒரே விலை ஒருவருக்கு இலாபமாகவும் மற்றொருவருக்கு இழப்பாகவும் இருப்பதை அன்றுதான் கண்டேன். ஓர் அரசு முடிவெடுக்கும்போது யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை என்று ஆராய்வதே பொதுக் கொள்கைப் படிப்பு என்பதைப் பின்னர் அறிந்தேன்.

சர்வதேச உறவும் எங்கள் சந்தைக்குப் புதிதன்று. உலகில் விளையும் பூண்டில் பெரும்பகுதி சீனாவில் விளைகிறது. பூஞ்சை நோய் பரவும் என்ற அச்சத்தால் அதன் இறக்குமதிக்கு இந்தியா தடை விதித்தது. தடையிருந்தும் அது கடைக்கு வருவது எப்படி என்று 2024 செப்டம்பரில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு அதிகாரிகளிடம் கேட்டது. வழக்குத் தொடுத்தவர் அரைக் கிலோ சீனப் பூண்டை நீதிமன்றத்துக்கே கொண்டு போனார்! அந்தத் தடை இறுகினாலும் தளர்ந்தாலும் எங்கள் ஊரில் இறங்கும் மூட்டைகளின் எண்ணிக்கை மாறும். எங்கோ எழுதப்படும் ஒரு காகிதம் என் தந்தையின் தோள்வரை வந்து சேர்கிறது.

அத்தகைய காகிதங்களுள் நம் மாவட்டத்துக்கு மிகப் பெரியது முல்லைப் பெரியாறு குத்தகைப் பத்திரம். 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கிலேய அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அணை நீர் தேங்கும் 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய். காலம் 999 ஆண்டுகள். 1895இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு பசுமையானது.

அணையைக் கட்டிய பென்னிகுவிக்கை நாம் மறக்கவில்லை. தைப் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலையிடுகிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். ஆனால், அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்ட திவான் ராமய்யங்காரையும், ஆங்கிலேயர் தரப்பில் ஒப்பமிட்ட ஹானிங்டனையும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லும் சுண்ணாம்பும் அணையைத் தாங்குகின்றன. நீரின் உரிமையைத் தாங்குவது அந்தப் பத்திரம்.

நீரின் ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்பது நான் வகுப்பில் படிக்கும் இயற்பியல். ஆனால், தேக்கும் அளவு 136 அடியா, 142 அடியா என்ற வழக்கு இயற்பியலோடு முடியவில்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஏற்பட்ட உடன்படிக்கைகள் பற்றிய பூசலை உச்சநீதிமன்றம் விசாரிப்பதற்கு 131ஆம் பிரிவு தடை போடுகிறது. அப்படியானால் இந்தப் பத்திரம் அரசியல் உடன்படிக்கையா, சாதாரண ஒப்பந்தமா? சாதாரண ஒப்பந்தமே என்று 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது; 142 அடி உறுதியாயிற்று. ஒரு சொல்லின் பொருளில் ஒரு பள்ளத்தாக்கின் சோறு இருந்தது!

இதையெல்லாம் முறையாகக் கற்பிக்கும் இடங்கள் உண்டு. 1955இல் டில்லியில் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளி, 1970இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும் இத்துறை இருக்கிறது. அணை வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற மாநிலத்திலேயே போய்ப் படித்தால் என்ன என்றும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் அச்சத்தையும் அறியாமல் நம் நியாயத்தை மட்டும் பேசுவது அரைப் படிப்பு அல்லவா?

சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பத்திரத்தின் கதையை அப்பாவுக்குச் சொன்னேன்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷமா? எத்தனை போச்சு?"

"சுமார் நூத்தி நாப்பதுப்பா."

"அப்ப இன்னும் நெறைய இருக்கு" என்றார். பிறகு, "நம்ம பக்கத்து ஆளு யாரும் அதப் படிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார்.

கூலி ஏறுமா என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் நேரான விடை இல்லை. நான் படிப்பதால் மட்டும் ஏறாது. ஆனால், கூலியையும் நீரையும் முடிவு செய்யும் காகிதத்தை வாசிக்கத் தெரிந்த ஒருத்தி சுமை தூக்குபவர் வீட்டிலிருந்தும் வர வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

"போய் வா" என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று, விண்ணப்பம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நண்பர்களே, அறிவியல் படிக்கிறோம், நமக்கு இது எதற்கு என்று ஒதுங்காதீர்கள். உங்கள் ஊரின் சோற்றுக்கும் ஏதோ ஒரு காகிதம் இருக்கும். அதைத் தேடி ஒருமுறை படித்துப் பாருங்கள்.