சும்மா இருந்த வருசம்

எங்கட ஊரில் "கேப் இயர்" என்று ஒரு சொல் இல்லை. "சும்மா இருக்கிறான்" என்ற சொல்தான் இருக்கிறது.

எங்கட பட்ச் ஏ.எல் சோதனை எழுதி முடித்தது 2022 மார்ச் தொடக்கத்தில். பெறுபேறு வந்தது ஓகஸ்ட் கடைசியில். அதற்குப் பிறகு இசட் ஸ்கோர், வெட்டுப்புள்ளி, பதிவு என்று கம்பஸ் வாசலை மிதிக்க இன்னும் எத்தனையோ மாதம். இந்த நாட்டில் ஒவ்வொரு பட்சுக்கும் ஒரு வருசத்துக்கு மேல் இப்படிக் கையில் கிடைக்கிறது. யாரும் கேட்டு வாங்கினது இல்லை. எங்களுக்கு அது கிடைத்தது நாடே வரிசையில் நின்ற காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அந்தத் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நாங்கள் பெற்றோலுக்குக் கான் தூக்கிக்கொண்டு அலைந்தோம். ரியூசன் கொடுக்கலாம் என்றால் பிள்ளைகள் வர பஸ் இல்லை.

அப்படி இருந்தபோதுதான் நிலாவெளி தாண்டி ஒரு இயற்கைத் தோட்டத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முந்தி அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து தங்கி வேலை செய்வார்களாம். ஒரு நாளைக்கு நாலைந்து மணித்தியால வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்க இடமும். சம்பளம் இல்லை. இதை 1971இல் இங்கிலாந்தில் தொடக்கி வைத்தவர் சூ கொப்பார்ட் என்ற பெண். லண்டனில் செயலாளர் வேலை பார்த்தவர். நகரத்தில் இருப்பவர்கள் வார இறுதியில் ஒரு இயற்கைப் பண்ணைக்குப் போய் வேலை செய்து பார்க்கலாமே என்று தொடங்கினது, பிறகு 'வூஃப்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2022இல் வெள்ளைக்காரர் வரவில்லை. அதனால் எனக்கு இடம் கிடைத்தது.

அம்மாவுக்குச் சொன்னேன். "தம்பலகாமத்தில உன்ர மாமா வயல் செய்யிறார். அங்க ஒரு நாள் மண்வெட்டி பிடிச்சிருப்பியா? ஆரோ ஒருத்தன்ர தோட்டத்தில சும்மா வேலை செய்யப் போறியோ?" என்றா. அப்போது எனக்கு அது பழங்காலக் கதையாகப் பட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

தோட்டம் மணல் பூமி. தண்ணீர் ஊற்றினால் நிற்காது, கீழே ஓடிவிடும். பயற்றை, வெண்டி, கத்தரி, ஓரத்தில் முருங்கை. என் வேலை பெரும்பாலும் கூட்டெரு. ஒரு அடுக்கு காய்ந்த சருகும் வைக்கோலும், அதுக்கு மேல் கிளிரிசிடியாக் குழை, அதுக்கு மேல் மாட்டெரு, கொஞ்சம் சாம்பல், தண்ணீர். பிறகு திரும்பவும் அதே வரிசை. நாலைந்து நாளில் குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி இழுத்தால் கையில் பிடிக்க ஏலாத சூடு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று மூச்சுவிடுகிற சூடு அது. அந்தச் சூட்டில்தான் களை விதைகள் சாகும். குவியல் ஆறினால் புரட்டிப் போட வேண்டும், புரட்டினால் திரும்பச் சூடேறும். முதல் கிழமை உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனால் மூன்றாம் மாதம் அதே குவியலைக் கையால் அள்ளினபோது மழை பெய்த காட்டு மண் வாசம். ஏ.எல் உயிரியலில் நைதரசன் வட்டத்தைப் பாடமாக்கி எழுதினவன் நான். அது கையில் கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தோட்டக்கார அண்ணை வெளிநாட்டில் பல வருசம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். நல்ல மனுசன். "முதல் ரெண்டு வருசம் ஒண்டும் விளையேல்லை தம்பி. கொண்டுவந்த காசைத்தான் சாப்பிட்டனான்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். அந்த வசனத்தின் பாரம் அப்போது விளங்கவில்லை.

வேறொரு விசயம்தான் அங்கே என்னை முதலில் குத்தினது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா நாட்கூலிக்கு வருவா. களை பிடுங்குவதை எனக்குப் பழக்கினதே அவதான். நான் போன இரண்டாம் மாதத்திலிருந்து அவ கிழமைக்கு ஐந்து நாள் வந்தது மூன்று நாளாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தோட்டத்தில் வேலை அவ்வளவுதான் இருந்தது, அதில் பாதியை நான் சும்மா செய்துகொண்டிருந்தேன். அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறி நின்ற அந்த மாதங்களில் கிழமைக்கு இரண்டு நாள் கூலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவ என்னிடம் ஒருநாளும் முகம் கோணினதில்லை. "கம்பஸ் கிடைச்சிடும் தம்பி, யோசிக்காதயும்" என்றுதான் சொன்னா.

பெறுபேறு வந்த கையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னபோது, "எங்கட காலத்திலயும் பொடியள் பண்ணைக்குப் போனவங்கள்" என்று காந்தியம் இயக்கத்தைப் பற்றிச் சொன்னார். 1970களின் பின்பாதியில் டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் தொடக்கியது. இனக் கலவரங்களில் அடிபட்டு வடக்குக் கிழக்குக்கு வந்த மலையகச் சனத்தைக் காணிகளில் குடியேற்றி, பண்ணை, பாலர் பள்ளி என்று நடத்தினார்கள். தொண்டர்களாகப் போனவர்களில் பலர் எங்கட வயதுப் பிள்ளைகள். 1983இல் இரண்டு பேரையும் பிடித்தார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார், 2015இல்தான் காலமானார்.

கதையை முடித்துவிட்டு ஆசிரியர் கேட்டார்: "அவங்கள் காணி இல்லாத சனத்துக்குப் பக்கத்தில நிக்கப் போனவங்கள். நீர் ஆருக்குப் பக்கத்தில நிண்டனீர்?"

பதில் இல்லை. ஒக்டோபரில், பெரும்போகம் தொடங்க, தம்பலகாமத்துக்குப் போனேன்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணியில் விளைகிற வயல்கள் அவை. மாமாவுக்கு மூன்று ஏக்கர். நான் வாயைத் திறந்து "சேதனப் பசளை" என்று சொன்னதுதான் தாமதம், மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. அந்த வீட்டில் அது கெட்ட வார்த்தை.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். பத்து வருசத்தில் செய்வோம் என்று 2019 தேர்தலில் சொன்னதை ஒரே போகத்தில் செய்யச் சொன்னார்கள். விதைப்புக்கு இருந்தது ஐந்து மாதம். சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த கப்பலை, மாதிரியில் கிருமி இருக்கிறது என்று இறக்க விடவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் பயிர் மஞ்சளடித்துவிட்டது. அடுத்த வருசம் நாடு அரிசி இறக்குமதி செய்தது. மாமா மாமியின் சங்கிலியை அடகு வைத்தார். நான் போனபோதும் அது மீளவில்லை.

மாமா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கணக்கை என்னை வைத்தே போட வைத்தார். ஒரு யூரியா மூடை 50 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், அதாவது 23 கிலோ. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், அந்த ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடை என்றால் மூன்று ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 14 தொன்.

"நீ அங்க மூண்டு மாசத்தில எவ்வளவு செய்தனி, மருமகன்?"

ஒரு தொன் இருந்தால் பெரிய காரியம்.

அதிலும் கூட்டெருவில் இருக்கிற நைதரசன் முழுவதும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. மண்ணுயிர்கள் மெல்ல மெல்லத்தான் விடுவிக்கும். வருசாவருசம் போட்டால் மண்ணில் சேர்ந்துகொண்டு வரும், பிறகு போட வேண்டிய அளவு குறையும். அதாவது சேதனம் பொய்யில்லை, அதுக்கு வருசம் வேணும். நிலாவெளி அண்ணையின் "ரெண்டு வருசம் விளையேல்லை" அப்போதுதான் எனக்கு விளங்கினது. அவர் வெளிநாட்டுக் காசால் அந்த இரண்டு வருசத்தை வாங்கினார். மாமாவிடம் இருந்தது ஒரு சங்கிலி.

"எனக்குச் சேதனத்தோட கோவம் இல்லையடா. என்ர அப்பா யூரியாவோடயா வயல் செய்தவர்? நாள் தராமல் சொன்னதுதான் கோவம்" என்றார் மாமா.

நான் கெஞ்சிக் கேட்டதில் குடிசைக்குப் பக்கத்துக் கால் ஏக்கரை விட்டார். வைக்கோலை எரிக்காமல் பரப்பி மிதித்தோம், வேலியோரக் கிளிரிசிடியாவை வெட்டி உழவுக்கு முன் புதைத்தோம், மாட்டெரு போட்டோம். யூரியாவை நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்தோம். கோரைப்புல்லும் பன்றி நெல்லும் கையால்தான் பிடுங்கினேன். நிலாவெளி அக்கா பழக்கின கை.

அறுவடையில் அந்தத் துண்டு மற்ற வயலை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் தந்தது. பசளைச் செலவைக் கழித்துப் பார்த்தால் பெரிய நட்டமில்லை. என் கூலியைக் கணக்கில் சேர்த்தால் நட்டம். மாமா என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த முறை மூன்று ஏக்கரிலும் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதுக்கு, "கிடக்கட்டும், பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

நான் இப்போது கம்பஸில். பெறுபேறு பார்த்துக்கொண்டு இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. போங்கள். மண்ணில் வேலை செய்யாமல் இயற்கை விவசாயம் பற்றி நிலைத்தகவல் போடாதீர்கள், நானும் போட்டவன்தான். ஆனால் போகிற இடத்தில், நான் சும்மா செய்கிற இந்த வேலை யாருடைய கூலி என்று கேளுங்கள். இந்தத் தோட்டத்துக்குப் பொறுத்திருக்க வருசம் எங்கிருந்து கிடைத்தது என்றும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். சும்மா இருக்க எங்களுக்கு ஒரு வருசம் கிடைத்தது. மாமாவுக்கு ஐந்து மாதம்தான் கொடுத்தார்கள்.