வெயிலை வென்ற வெண்மான்

சென்ற வைகாசியில் நாம் துபாய் நகருக்குப் போக நேர்ந்தது. நம் சகோதரியின் குமாரன் அங்கே உத்தியோகம் பார்க்கிறான். ஒரு நாள் பிற்பகலில், "மாமா! மஹாவைப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்" என்றான். மஹா யாரோ பெரிய மனுஷி என்றெண்ணி, அங்கவஸ்திரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு மோட்டாரில் ஏறினோம். பாலைவனத்து வெண்மானுக்கு அரபு மொழியில் அதுதான் பெயர் என்பது பாதி வழியில் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஓரிக்ஸ் என்கிறார்கள்.

அல் குத்ரா ஏரிகளுக்கு அருகே, ஒரு காஃப் மரத்தடியில் அது படுத்திருந்தது. காஃப் வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் ஸ்தல விருக்ஷமாய் நிற்கும் வன்னிதான். பால் போன்ற உடல், முகத்தில் கரிய திட்டுகள், ஈட்டி போன்ற இரு கொம்புகள். வண்டியைவிட்டு இறங்கிய இரண்டு நிமிஷத்தில் நமக்குத் தலை சுற்றியது. அதுவோ சாவதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அது ஜலம் குடித்து மாதக்கணக்காகியிருந்தாலும் ஆச்சரியமில்லையாம். இரவிலும் விடியற்காலையிலும் மேயும். அப்போது புல்லில் ஏறியிருக்கும் ஈரமே அதற்குப் பானம். பகலில் குளம்பால் மேல்மணலைத் தள்ளிவிட்டு, அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் படுத்துக்கொள்ளும். வியர்த்தால் ஜலம் வீணாகுமல்லவா? ஆகையால் உடம்பின் உஷ்ணத்தைப் பகலெல்லாம் ஏறவிட்டு, இரவுக் காற்றில் இறக்கிவிடுகிறது. அந்தச் சூடு நமக்கு வந்தால் வீட்டார் வைத்தியருக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்! மூளைக்குப் போகும் ரத்தம் மட்டும், மூக்கிலிருந்து குளிர்ந்து திரும்பும் ரத்தத்தின் அருகே ஓடி, சூடு தணிந்து போய்ச் சேருகிறது.

இவ்வளவு சாமர்த்தியமும் மோட்டாருக்கும் துப்பாக்கிக்கும் முன்னால் செல்லவில்லை. 1972-ல் ஓமான் தேசத்து ஜித்தத் அல் ஹராஸிஸ் சமவெளியில் கடைசி மான்களும் மடிந்தன. நல்லவேளை, சிலர் முன்யோசனையுடன் 1962-லேயே ஏடன் பக்கத்துப் பாலையில் சில மான்களைப் பிடித்திருந்தார்கள். லண்டன் மிருகக்காட்சிசாலையும், குவைத், ஸௌதி அரசர்களும் கொடுத்தவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. அமெரிக்காவில் அரேபியா போலவே வறண்ட ஃபீனிக்ஸ் நகரில் அவற்றை வளர்த்தார்கள்.

1982-ல் ஓமானில் மறுபடியும் மான்களை அவிழ்த்துவிட்டார்கள். ஹராஸிஸ் குடியினரே காவலர்கள். 1996-ல் 450 ஆகப் பெருகின. பிறகு வந்தார்கள் திருடர்கள். மாமிசத்துக்காக அல்ல, தனவந்தர்களின் தோட்டங்களுக்கு உயிருடன் விற்பதற்காக! மானை விரும்புகிறவர்களாலேயே மானுக்கு ஆபத்து வந்தது நமக்குச் சற்று வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. 2007-ல் 65 தான் மிச்சம். சரணாலயத்தின் பரப்பையும் அரசாங்கம் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடவே, உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து யுனெஸ்கோ அதன் பெயரை அடித்துவிட்டது. அப்படிப் பெயர் நீங்கிய முதல் இடம் அதுவே.

ஆயினும் மற்ற அரபு தேசங்களிலும் மான்களை விட்டிருந்தபடியால் வம்சம் அறவில்லை. 2011-ல் அபாயத்தின் கடுமை ஒரு படி குறைந்ததாக அறிவித்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும் மஹா எழுந்து நின்றது. பக்கவாட்டில் பார்க்கையில் இரு கொம்பும் ஒன்றாய்த் தெரிந்தன. மருமான் வண்டியைக் கிளப்பப் போனான். "கொஞ்சம் பொறு, அப்பா! மிரண்டுவிடப் போகிறது" என்றோம். அவன் சிரித்துக்கொண்டே கிளப்பினான். மோட்டார் உறுமியது. மான் தலையைக்கூடத் திருப்பவில்லை.