பெட்டி தெரியக் கூடாது

“நெசவு, மண்பாண்டம்னே எழுதுறீங்களே, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கலர் பார்க்கிறவங்களையும் ஒரு தடவை வந்து பாருங்க” என்று சொல்லி, ஒலி ஒளி சாமான்களை வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர் என்னைச் சாலிகிராமத்துக்கு அனுப்பினார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முன்பு டப்பிங் அறையாக இருந்த இடத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். டீலர் மாநாடு, மருந்து கம்பெனிக் கூட்டம், புது வண்டி அறிமுகம் போன்ற விழாக்களுக்கு ‘ஏவி’ எனப்படும் ஒலி ஒளிப் படங்களும் பிபிடி எனப்படும் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளும் இங்கே தயாராகின்றன. எழுத்தை வரிசைப்படுத்துவது, படம் வெட்டுவது எல்லாம் எங்கும் நடப்பதுதான். அவற்றில் எனக்குச் சுவாரசியம் தட்டவில்லை. ஓரத்து மேசையில் நடந்த ஒரு வேலைதான் என்னை உட்கார வைத்தது.

ஸ்லைடு வெள்ளை. அதன் நடுவில் ஓடவேண்டிய வீடியோ கிளிப்பில் கம்பெனி லோகோ சுழல்கிறது. அதன் பின்னணியும் வெள்ளை. ஓடவிட்டதும் லோகோவைச் சுற்றி லேசான சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் எழுந்து நிற்கிறது. இந்த ஆட்கள் இதைப் ‘பெட்டி தெரியுது’ என்கிறார்கள். பெட்டி தெரியாமல் செய்வதுதான் மேசைக்காரரின் வேலை. பெயர் வேண்டாம் என்றார். மற்ற பையன்கள் அவரை அண்ணே என்கிறார்கள். நானும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

இரண்டும் வெள்ளையாக இருக்கும்போது பெட்டி எப்படி வருகிறது? ஸ்லைடில் கறுப்புக்கு எண் 0, வெள்ளைக்கு 255. வழக்கமான வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. டிவி சிக்னல் மேலும் கீழும் துள்ளினால் வெட்டுப்படாமலிருக்க இரு முனையிலும் இடம் விட்டு, 1982இல் வகுத்த 601ஆம் எண் தரம் தந்த கணக்கு அது. ஓட்டும்போது யாராவது அந்த 16–235ஐ இழுத்து 0–255 ஆக்க வேண்டும். பிளேயர் செய்யலாம், கிராஃபிக்ஸ் டிரைவர் செய்யலாம். யாருமே செய்யாவிட்டால் வெள்ளை சாம்பலாகிறது. இருவரும் செய்துவிட்டால் வெள்ளையிலும் கறுப்பிலும் இருக்கும் நுணுக்கமெல்லாம் அழிந்துபோகிறது. நிறத்தைப் பிரித்தெடுக்கும் கணக்கும் இரண்டு வகை. பழைய டிவிக்கு 601, எச்டிக்கு 709. கிளிப்பில் எதுவென்று குறித்து வைக்காவிட்டால், சில பிளேயர்கள் படத்தின் அளவைப் பார்த்துத் தாமாக ஊகித்துக்கொள்கின்றன.

அண்ணன் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. வெள்ளை, சாம்பல், கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆறு பட்டை போட்ட சின்னக் கிளிப் ஒன்றை வைத்திருக்கிறார். அதே ஆறு பட்டையை ஸ்லைடிலும் வரைந்து, பக்கத்தில் ஓடவிடுகிறார். “சாம்பல் ஒத்துப்போயி செவப்பும் பச்சையும் மட்டும் ஒதுங்குச்சுன்னா 601, 709 குழப்பம் சார். சாம்பலே ஒதுங்குனா இழுக்கிறதுல கோளாறு.” சாம்பலில் நிறமே கிடையாது என்பதால் நிறக் கணக்கு மாறினாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. நாடி பிடித்த மாதிரி பத்தே நொடியில் ஆள் நோயைச் சொல்லிவிடுகிறார்.

மருந்து பெரும்பாலும் ஐடிராப்பர். பவர்பாயிண்டில் 2013 பதிப்பில் வந்த கருவி. திரையில் ஓரிடத்தைத் தொட்டால் அங்குள்ள நிறத்தை உறிஞ்சிக் கொடுக்கும். புதிதாக வருகிற பையன்கள் நின்றிருக்கும் வீடியோவின் முதல் படத்தைத் தொட்டு நிறம் எடுப்பார்களாம். நிற்கும்போது காட்டும் படமும் ஓடும்போது காட்டும் படமும் ஒரே வழியாக வருவதில்லை, நிறம் மாறும். ஆகவே அண்ணன் கிளிப்பை ஓடவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஸ்லைடில் ஒட்டி, அதிலிருந்து உறிஞ்சுகிறார். பிறகு ஸ்லைடின் பின்னணியை அந்த நிறத்துக்கு மாற்றிவிடுகிறார். வீடியோவைத் தொடுவதே இல்லை. “எக்ஸ்பி காலத்துல இது முடியாது சார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தா வீடியோ இருந்த இடம் கறுப்பாத்தான் வரும்.” அப்போது வீடியோவைக் கிராஃபிக்ஸ் கார்டு தனி அடுக்காகத் திரையில் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு அது அகப்படாது.

அண்ணனுக்கு மதுரை. பத்தாவது முடித்ததும் விளக்குத்தூண் பக்கம் ஒரு மேட்சிங் சென்டரில் நின்றவர். புடவையோடு வரும் பெண்கள் அவர் எடுத்துப் போடும் பிளவுஸ் துணியைக் கடைக்குள் நம்பவே மாட்டார்களாம். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் வெயிலில் பிரிந்துவிடும். துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் வெட்டச் சொல்வார்கள். “முதலாளி என்னை வாசல்ல நிக்கவைச்சதுக்குக் காரணமே அதுதான்.” அங்கிருந்து கல்யாண வீடியோ மிக்ஸிங், பிறகு சென்னை, பிறகு இந்த மேசை. இன்றைக்கும் அவருடைய சட்டம் அதுவே. பிபிடி எந்தச் சுவரில் ஓடப்போகிறதோ அந்தச் சுவரில் பார்க்காமல் நிறத்தை முடிப்பதில்லை.

அந்தச் சுவரைப் பார்க்க கிண்டிப் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு அவரோடு போனேன். விழா மறுநாள் காலை. தச்சு வேலை முடிந்து அரங்கம் இவர் கைக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. புரொஜெக்டர் காலத்தில் பிழைப்பு சுலபம் என்றார். புரொஜெக்டரால் முழுக் கறுப்பைக் காட்ட முடியாது. 0க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் கசியும் வெளிச்சத்தில் கரைந்துவிடும். எல்இடி சுவரில் அப்படிக் கரையாது. 0 என்றால் விளக்கு அணைந்தே இருக்கும், 16 என்றால் எரியும். இருட்டிய அரங்கில் கறுப்பு ஸ்லைடின் நடுவே செவ்வகமாக ஒளிரும் பெட்டி கடைசி வரிசைக்குக்கூடத் தெரியும். சாலிகிராமத்தில் கச்சிதமாக ஒட்டிய கிளிப் இங்கே பிய்த்துக்கொண்டு நின்றது. லேப்டாப் வேறு, அதன் டிரைவர் வேறு, நடுவில் புராசஸர் என்று ஒன்று. அந்தப் புராசஸரைப் பற்றி நிறையச் சொன்னார். எனக்கு ஏறவில்லை, விட்டுவிடுகிறேன்.

மறுபடி ஆறு பட்டை, மறுபடி ஐடிராப்பர். ஒரு கிளிப் எதற்கும் மசியவில்லை. ஸ்லைடின் பின்னணியையும் சேர்த்து முழுத்திரை வீடியோவாகவே ஏற்றுமதி செய்து, எழுத்தை மட்டும் மேலே வைத்தார். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே பெட்டி தெரியும். முந்தைய ஸ்லைடிலிருந்து அதற்குத் தாவும்போது திரை மொத்தமும் லேசாகக் கண் சிமிட்டியது. அதற்கு அரை நொடி ஃபேட் கொடுத்தார். இரண்டு நிறம் ஒட்டி நின்றால் கண் உடனே பிடித்துவிடும், மெதுவாக மாறினால் கோட்டைவிடும். அவர் பிழைப்பில் பாதி இந்தப் பலவீனத்தில்தான் ஓடுகிறது.

இனி காசு. விழாவுக்குரிய கார் கம்பெனி, அதை நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது, அது ஏவி ஒப்பந்தக்காரருக்கு, அவர் ஸ்டுடியோவுக்கு, ஸ்டுடியோ அண்ணனுக்கு. மேலே இருக்கும் மூவருக்கும் பில்லில் தனித்தனி வரி உண்டு. மேடைப் பூவுக்கு வரி உண்டு. அண்ணனின் வேலை ‘பிபிடி ஃபார்மேட்டிங்’ என்ற ஒரே வரிக்குள் அடக்கம். அரங்கத்தில் விழித்த இரவு எந்த வரியிலும் இல்லை. சிறு தொழில் செய்பவரிடம் வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் வட்டியும் சேரும் என்று 2006இல் சட்டமே வந்துவிட்டது. அதைக் கேட்க உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும், பில் வேண்டும். அண்ணனிடம் இருப்பது ‘நைட் வந்துருங்க’ என்ற வாட்ஸ்அப் செய்தி. அதை அனுப்பிய ஒப்பந்தக்காரர் விழா முடிந்ததும் மேல்தட்டு ஆட்களோடு படம் எடுத்துப் போடுகிறார். பணம் கேட்டால் ‘கிளையண்ட் இன்னும் ரிலீஸ் பண்ணலை’ என்கிறார். மேலிருந்து முன்பணம் வாங்காமலா சுவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்? உழைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைச் சாக்காக வைத்து விலையைக் குறைப்பவர்கள் முன்னால், பெட்டி தெரிகிற ஸ்லைடையே ஒருநாள் ஓடவிட வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னேன். “அடுத்த வேலை வராது சார்” என்றார்.

அடுத்த வேலை கோவை கொடிசியாவில். கிளிப் வந்து சேர்ந்துவிட்டது, ஊதா நிறப் பின்னணி. எந்தச் சுவர், யாருடைய லேப்டாப் என்று ஒப்பந்தக்காரர் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.