வல்லை வெளியும் பழைய மோட்டார் வண்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காண வருவோர் நல்லூரையும் கீரிமலையையும் நிலாவரைக் கிணற்றையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். நாம் இம்முறை தேடிச் சென்றது கோயிலுமன்று, தீர்த்தமுமன்று. வீட்டு முற்றங்களிலும் வீதியோர நிழல்களிலும் இன்னமும் உயிரோடிருக்கும் பழைய மோட்டார் வண்டிகளையே காண விரும்பினோம். ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் வண்டியின் உற்பத்தி 1954இல் நின்றது; மொறிஸ் மைனர் 1971உடன் முடிந்தது. பிறந்த நாட்டில் அவை காட்சிப் பொருள்களாகிவிட்டன. இங்கேயோ, மணமக்களை ஏற்றிக்கொண்டு இன்றும் வீதியில் வருகின்றன!

நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர். கோப்பாய், நீர்வேலி என்னும் ஊர்களில் செம்மண் தோட்டங்களும் வாழைகளும் இருமருங்கும் துணை வருகின்றன. அச்சுவேலியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் காட்சி மாறிவிடுகிறது. நிழல் தரும் மரமில்லை, வீடில்லை. நீரேரியும் உவர்நிலமும் ஓயாத காற்றுமே உள்ளன. இதுவே வல்லை வெளி. வண்டி பழுதாகி நிற்பதற்கு இதனிலும் பொல்லாத இடம் குடாநாட்டில் வேறில்லை என்பது நமது எண்ணம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் மின்கலமும் கிடைத்தற்கரிய பண்டங்களாயின. மின்சாரமும் அற்றுப்போயிற்று. ஆயினும் நோயாளி மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். பிரசவ வேதனை தடை நீங்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை அல்லவா? அந்நாளில் வாடகை வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெயை அருந்தத் தொடங்கிவிடும். வெண்புகையும் நெடியுமாக வண்டி புறப்படும். பயணி இறங்கிப் பேசிக்கொண்டு நின்றாலும் சாரதி இயந்திரத்தை நிறுத்தமாட்டார். குளிர்ந்துவிட்டால் மறுபடியும் பெற்றோல் வேண்டுமே!

இது மந்திரமன்று. பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்களைக் குடாநாட்டுத் தோட்டக்காரர் முன்னரே அறிவர். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது; இயந்திரத்தின் சூடு அதனை ஆவியாக்கிக் கொடுக்கும். பழைய வண்டிகளின் அமுக்க விகிதம் குறைவாதலால், சற்று முனகினாலும் அவை அதனைத் தாங்கிக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்வதுதான் பெருங்கேடு. எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்றுவதற்கு எண்ணெய்தான் ஏது?

எரிபொருட் பம்பியின் கதை இன்னும் சுவையானது. ஒஸ்ரினின் பம்பிக்கு மின்சாரம் தேவையில்லை. இயந்திரம் சுழலும்போது நெம்புகோல் ஒன்று அசைந்து, உள்ளேயிருக்கும் மெல்லிய தகட்டைக் கீழே இழுக்கும். சுருள்வில் அதனை மேலே தள்ளும். இரு சிறு வால்வுகள் எரிபொருளை ஒரே திசையில் செலுத்தும். மொறிஸ் மைனரின் பம்பியோ மின்சாரத்தால் இயங்குவது. திறப்பைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று பேசும். மின்கலம் அரிதான காலத்தில் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும். கைப்பிடியால் சுழற்றி எழுப்பக்கூடிய ஒஸ்ரினுக்கு அவ்விடத்தில் ஒருபடி மேன்மை என்றே சொல்லவேண்டும்.

இப்பம்பிகளின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் மட்டுமே. சக்கரத்துக் காற்றின் அழுத்தத்தில் பத்திலொரு பங்கு எனலாம். தகடு கிழிந்து ஒழுகினால் திருகாணிகளைக் கழற்றித் திறந்து, நோயைக் கண்ணாற் காணலாம். சைக்கிள் ரியூப் றப்பரை வெட்டி வைத்தால் அது எண்ணெயில் ஊறி உப்பிவிடும். எண்ணெயைத் தாங்கும் துணிப் றப்பர்தான் நிலைக்கும். எதுவும் கிடைக்காதவிடத்து, காபுரேற்றரிலும் உயரமான இடத்தில் ஒரு கலத்தைக் கட்டிக் குழாய் பூட்டினால், பம்பியின்றியே எரிபொருள் இறங்கும். வல்லை வெளியின் நடுவிலும் இதனைச் செய்துவிடலாம். தீவிபத்துக்கு அஞ்சாதவரே அதனைச் செய்வர் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இன்று அதே வீதியில் விரையும் டீசல் வான்களின் உயரழுத்தப் பம்பி வேறு சாதி. அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20,000 இறாத்தலை எட்டும். சிலவற்றில் அதனையும் தாண்டும். அது ஒழுகும்போது பழைய பழக்கத்தில் விரலால் தடவிப் பார்ப்பது பேராபத்து. கண்ணுக்குப் புலப்படாத தாரை தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்திய அளவே தெரியும். உள்ளே தசை அழுகும். விரலையே இழக்க நேரிடலாம். காயம் சிறிதென்று வீட்டிலிருக்காது உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். அட்டைத் துண்டொன்றை எட்டப் பிடித்து ஒழுக்கைக் கண்டறிவதே முறை. இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அழுத்தம் தணிந்த பின்னரே குழாயைத் தளர்த்தலாம். புதிய பம்பி பூட்டும்போது பழைய குழாய்களை மீண்டும் பூட்டலாகாதென்று பல உற்பத்தியாளர் விதித்துள்ளனர். ஒரு தூசி உள்ளே புகுந்தாலும் செலவு இரட்டிக்கும். இப்பம்பியை வல்லை வெளியில் திறப்பதற்கில்லை.

2022இல் இலங்கை முழுவதும் எரிபொருள் அற்று, மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, 'அந்நாளில் மண்ணெண்ணெயில் ஓட்டினோமே' என்ற பேச்சு குடாநாட்டில் எழுந்தது இயல்பே. ஆனால் அவ்வாண்டு மீனவர் படகுகளுக்கே மண்ணெண்ணெய் இல்லை. இருந்திருந்தாலும் புதிய வண்டிகள் அதனை ஏற்றிரா.

வெளியைக் கடந்து நெல்லியடியை நெருங்கியபோது, வேலியோரத்தில் ஓர் ஒஸ்ரின் நின்றது. அதன் முதிய சாரதி மூடியைத் திறந்து பம்பியைக் காட்டினார். தகடு புதிது, உடல் பழையது. "ஒழுகினால் மணத்திலேயே தெரிந்துவிடும், ஐயா" என்றார். மந்திகை மருத்துவமனைக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார், கணக்குச் சொல்லவில்லை. பின்னிருக்கையில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் கூறினார்.