நோயாளிக்கும் இடமுள்ள சந்தை

பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனால் நாம் நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, துணியைத் தடவிப் பார்த்த பிறகுதானே காசை எடுக்கிறோம்? மருத்துவக் காப்புறுதியையும் அப்படி ஒப்பிட்டு வாங்க அமெரிக்காவில் அரசாங்கம் ஒரு சந்தை அமைத்திருக்கிறது.

இதில் எனக்கு அக்கறை வரக் காரணம், டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் என் சாச்சியின் மகள். கணவர் அங்கே சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவளுக்கோ இளவயதிலேயே சீனி வியாதி. அந்நாட்டில் பெரிய கம்பனி ஊழியர்களுக்கு முதலாளியே காப்புறுதி ஒழுங்கு செய்துவிடுவார். சொந்தக் கடைக்காரருக்கு யார் செய்வது? தனியாகக் கேட்டபோது, சீனி என்றதுமே கம்பனிகள் கைவிரித்துவிட்டன. நமக்கென்றால் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. வரிசையில் நின்றாலும் காசில்லாமல் வைத்தியம் கிடைக்கிறது. அவள் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பில்லை நினைத்துப் பயந்தாள்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் இத்தகைய சந்தைக்குச் சட்டம் செய்தது. பின்னர் ஜனாதிபதி ஒபாமா 2010 மார்ச் 23இல் ஒப்பமிட்ட சட்டத்தால் அது நாடு முழுவதற்கும் வந்தது. மாநிலம் தானே சந்தையை நடத்தலாம். இல்லையேல் மத்திய அரசு நடத்தும். டெக்சாஸில் மத்திய அரசே நடத்துகிறது. 2013 ஒக்டோபர் 1இல் அதன் இணையத்தளம் திறந்த அன்றே திணறிப் போனது. பிறகுதான் சீரானது. 2014 ஜனவரி முதல் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது.

இங்கே விற்க வரும் கம்பனிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. பெண் என்பதற்காகக் கூடுதல் பணம் கேட்க முடியாது. பிரசவச் செலவையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். திட்டங்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு தரம். வெண்கலம் சராசரியாகச் செலவில் 60 வீதத்தையும், பிளாட்டினம் 90 வீதத்தையும் ஏற்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கட்டுப்பணத்தில் ஒரு பங்கைத் தருகிறது. பொதுவாக 50 பேர் வரை வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கும் தனிச் சந்தை உண்டு.

சாச்சியின் மகளுக்கும் இப்படித்தான் காப்புறுதி கிடைத்தது. ஆனால் கவலை முற்றாகத் தீரவில்லை. 2021இல் கூட்டிக் கொடுக்கப்பட்ட அரச உதவி 2025 முடிவோடு நின்றது. நோயாளியை மறுக்க முடியாது என்ற சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் கட்டுப்பணம் எட்டாத உயரத்துக்குப் போனால், திறந்த கதவால் என்ன பயன்?

சகோதரிகளே, நம் வீட்டுக்கும் காப்புறுதி முகவர்கள் வருகிறார்கள். ஆண்கள் பேசி முடிக்கட்டும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பழைய நோய்க்குப் பணம் தருவார்களா, பிரசவம் சேருமா, நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.