கழிவு நூல், கணக்கு நோட்டு, கொஞ்சம் ஃபெவிகால்



கவின்கலை படிக்கும் என்னிடம் மற்றத் துறை நண்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் வரையறதை விட்டுட்டு ஏன் நூலையும் அட்டையையும் ஒட்டிட்டு இருக்கே?" கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அதையே "உன்னோட மிக்ஸட் மீடியா படங்களுக்கு இன்ஸ்பிரேஷன் என்ன?" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் :-) இரண்டுக்கும் இதுவரை "எங்க ஊரு" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லித் தப்பித்து வந்தேன். இன்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த மிக்ஸட் மீடியா. பெயர்தான் புதிது, பண்டம் நமக்குப் பழையது. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலா மரப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த புடைப்பு, கண்ணாடிக் கற்கள், தங்க ரேக்கு, கடைசியில்தான் வண்ணம். ஐந்தாறு பொருட்கள் சேர்ந்து ஒரு கிருஷ்ணர் ஆகிறார். அதை யாரும் 'ஏன் ஒட்டுகிறாய்' என்று கேட்டதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு வேறு ஒரு தொடக்கம் சொல்வார்கள். 1912-ல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிறு வைத்தார். முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் பேருந்துச் சீட்டு, கிழிந்த விளம்பரம், மரத்துண்டு எனத் தெருவில் கிடந்தவற்றைச் சேர்த்தார். தஞ்சாவூர்க்காரர்கள் கடவுளை அலங்கரிக்க விலை உயர்ந்த பொருளைத் தேடினார்கள். ஷ்விட்டர்ஸ், உடைந்துபோன ஒரு நாட்டைச் சொல்ல குப்பையைத் தேடினார். என் கை இந்த இரண்டாவது பக்கம் போனதற்குக் காரணம் நான் பிறந்த ஊர்.

குமாரபாளையத்தைத் தெரியாதவர்களுக்கு: காவிரியின் இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் பவானி. பாலத்தைத் தாண்டினால் ஈரோடு மாவட்டம். பவானிக்கு ஜமக்காளமும் கூடுதுறையும் பெயர் வாங்கிக் கொடுத்தன. எங்களுக்கு லுங்கி, துண்டு, விசைத்தறி. தெருவுக்குத் தெரு தறிக்குடோன்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் வரவேற்பது தறிச்சத்தம்தான். ஊர்க்காரர்களுக்கு அது கேட்காது. கரண்ட் போய் அது நின்றால்தான், 'என்னமோ ஆச்சு' என்று வாசலுக்கு வந்து பார்ப்போம்.

இந்த ஊரில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் எல்லாம் தறியிலிருந்து விழுந்தவை. காலித் தார்க்குச்சி, நூல் தீர்ந்த அட்டைக் கோன், அறுந்த கழிவு நூல். அட்டைக் கோனை வாயில் வைத்து ஊதினால் நாதஸ்வரம், கவிழ்த்து வைத்தால் கோபுரம். எனவே கல்லூரியில் 'கிடைத்த பொருளைக் கொண்டு ஒரு படைப்பு' என்று பயிற்சி கொடுத்தபோது நான் யோசிக்கவே இல்லை. ஊருக்குப் போய் ஒரு சாக்கு நிறையக் கழிவு நூலுடன் திரும்பினேன்.

அதில் பிறந்ததுதான் 'பாவு' என்ற என் முதல் படம். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் இழையோடு சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதைச் செய்யும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் துணியாகி வெளியே வரும்போது அந்தப் பிணைப்பு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். சந்தைக்குப் போகும் லுங்கியில் அந்த வேலை தெரியவே கூடாது. வெட்டி எறிந்த அந்தத் துண்டுகளை மட்டும் சேர்த்து, நான்கடிப் பலகையில் வரிசையாக ஒட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் வெயிலில் மின்னும் காவிரி போல இருக்கும். கிட்டே வந்தால் எல்லாம் முடிச்சு.

செய்முறை கேட்பவர்களுக்காக ஒரு குறிப்பு. பாவு நூலில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் விளையும் குச்சிக்கிழங்கு மாவு இந்தக் கஞ்சிக்கும் போகிறது. கஞ்சியோடு ஒட்டினால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வந்துவிடும். அதனால் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயப்போட்ட பிறகே ஒட்டுவேன். சாயமும் எல்லாம் ஒரே தரம் கிடையாது. ஒரு மாதம் மொட்டை மாடி வெயிலில் மாதிரி வைத்துப் பார்த்து, வெளுக்காததைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது படத்தின் பெயர் 'பாக்கி'. இதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் தறி ஓட்ட வருகிறவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று காரணம் இருக்கும். அதற்குப் பெயர் பாக்கி. அது தீரும்வரை வேறு குடோனுக்குப் போக முடியாது. போவதென்றால், புது முதலாளி பணம் கொடுத்துப் பழைய கணக்கை அடைக்க வேண்டும். கீர்த் டி நேவ் என்ற மானுடவியலாளர் குமாரபாளையத்திலும் பவானியிலும் தங்கி ஆய்வு செய்து, இந்தப் பாக்கியைப் பற்றி 1999-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுப் புழக்கத்தில் இருந்த சொல்லை ஓர் ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் இதை வெறும் அடிமைத்தனம் என்று முடிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும்போது தொழிலாளிகள் அதையே பிடியாக வைத்து முதலாளிகளிடம் பேரம் பேசுவதையும் சொல்கிறார். எங்கள் அம்மாவும் அப்படி இரண்டு முறை குடோன் மாறியவர்தான்.

அம்மாவிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. வாரா வாரம் ஓட்டிய மீட்டர், கூலி, பாக்கிக்குப் பிடித்தது, மீதி. நான்கு பத்தி, எல்லாம் எண்கள். மீட்டர் ஏறும், இறங்கும். கடைசிப் பத்தி மட்டும் நத்தை மாதிரி நகரும். நடுவில் ஓரிடத்தில் அது திடீரென்று மேலே குதிக்கிறது. அது நான் கல்லூரியில் சேர்ந்த மாதம்.

இதைப் படமாக்கலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1963 வாக்கில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசைக்குத் தூண்டுதல், ஒரு மாணவரின் நோட்டுப் பக்கத்தில் இருந்த எண்களும் எழுத்துகளும்தான். அந்த ஓவியங்களில் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள், மலையாளம் போலத் தோன்றும் எழுத்துகள் இருக்கும். வாசிக்கப் போனால் பொருள் கிடைக்காது, பார்க்கத்தான் முடியும். எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மாவின் எண்கள் அப்படி அல்ல. ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு, அதுவும் காசுப் பொருள். அதை வெறும் கோலமாக மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நோட்டுப் பக்கங்களை வரிசை மாற்றாமல், எண்கள் படிக்கும்படியாகவே ஒட்டினேன். மேலே இளம்பிள்ளையிலிருந்து கொண்டுவந்த பழைய ஜக்கார்டு அட்டைகள். சேலைக்கரையில் மாங்காய் எங்கே வர வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டைகள் அவை. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு கொண்டுவந்த தறிக் கருவியின் வாரிசுகள். இப்போது அந்த வேலையை மின்னணுப் பெட்டிகள் எடுத்துக்கொண்டுவருவதால் அட்டைகள் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அட்டையின் ஓட்டைகள் வழியாகத்தான் கணக்கைப் பார்க்க முடியும். குனிந்து, ஒரு கண்ணை மூடித்தான் படிக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன். ஒரு வீட்டின் கடன் கணக்கை ஊரார் பார்வைக்கு வைப்பது சின்ன விஷயமா? அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேரு இருக்கற பக்கத்தைக் கிழிச்சுட்டு ஒட்டிக்க கண்ணு. கணக்கு எல்லாத்துக்கும் இதேதான்."

இதைவிட நல்ல கலை விமர்சனம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சென்னைக்கு வந்த புதிதில் மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்தேன். எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள், நரம்பெல்லாம் புடைத்து நிற்கும். கம்பீரமான சிலை. ஆனால் தறிக்காரரின் உழைப்பு அப்படித் தெரியாது. அவர் நின்றுகொண்டிருப்பார், நாடா இங்கும் அங்கும் பாயும், அவ்வளவுதான். அந்த உழைப்பு புடைப்பது நரம்பில் அல்ல, காதில். தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு வகுத்த எல்லை 90 டெசிபல். நாடாத் தறிகள் ஓடும் குடோனுக்குள் சத்தம் அதைத் தாண்டிவிடும். எங்கள் அம்மாவுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காது. போனில் நான் மெதுவாகப் பேசினால், "ஏங்கண்ணு, உடம்பு சரியில்லையா?" என்பார். இதை எப்படிப் படத்தில் ஒட்டுவது? இதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. துணியை மடித்து மடித்து, உள்ளே எதுவும் நுழைய முடியாதபடி ஒரு காது செய்து பார்க்கிறேன். பாதியில் நிற்கிறது.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து பணியாற்றிய எல் அனட்சுயி, மதுப் பாட்டில் மூடிகளின் தகடுகளைச் செம்புக் கம்பியால் பிணைத்துச் சுவரளவு திரைகள் செய்கிறார். உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் அவை தொங்குகின்றன. அவருடைய குடும்பத்திலும் கென்டே துணி நெய்தவர்கள் இருந்தார்கள். அவர் படைப்புகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாகவும் இருக்கும், ஒரு கேள்வியும் வரும். கழிவு எப்போது விலை உயர்ந்ததாகிறது? யார் கை பட்டால்?

இது எனக்கு வெறும் தத்துவக் கேள்வி இல்லை. அம்மா கடைசியாக வேலை பார்த்த குடோனில் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். உடைத்து, இரும்பு விலைக்கு. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பாக்கியை அடைத்தார். அதாவது நோட்டு முடிந்தது, கடன் வேறு நோட்டுக்குப் போனது. அதே மாதம், கண்காட்சியில் 'பாக்கி' படத்துக்கு ஒருவர் விலை கேட்டார். அவர் சொன்ன தொகை, அம்மா அடைத்த தொகையைவிட அதிகம்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "வித்துட்டா என்ன? குழுத் தவணை கட்டலாமே. அந்த நோட்டை வெச்சு என்ன பண்ணப் போறோம்?" என்றார். நான் அது நம் வீட்டு வரலாறு என்றேன். சரியாகக் காதில் விழவில்லை போல. "என்னது?" என்றார். சத்தமாகத் திரும்பச் சொன்னேன். விடுதி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வரலாறுன்னா ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார்.

விலை கேட்டவரின் விசிட்டிங் கார்டு மேசை மேல் இருக்கிறது. அடுத்த தவணை 10-ஆம் தேதி. படத்தைப் பிரிக்காமல் அட்டை ஓட்டைகள் வழியாக எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுக்க முடியாது. அதனால் நேற்று இரவு எண்களைக் கையால் வேறொரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு வருடக் கணக்கு முடிந்திருக்கிறது. இன்னும் நான்கு வருடம் பாக்கி.