‘கடன்னா என்னப்பா?’ - மகள் கேட்ட கேள்வி... மீண்டும் சேர்ந்த குடும்ப ஜெபம்!

பாளையங்கோட்டையில் அந்த வீட்டில் இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, வேதாகமத்தில் ஓர் அதிகாரம், ஆளுக்கொரு சின்ன ஜெபம். இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து எட்டு வருடங்களாக இருந்த வழக்கம், ஒரு போன் காலில் நின்றுபோனது.

கடன் ஆப் ஒன்றிலிருந்து பேசிய ஆள், “உங்க வீட்டுக்காரர் தவணை கட்டலை” என்று அவளிடம் சொன்னான். பீரோவைத் திறந்தாள். ஆரமும் நாலு வளையலும் இல்லை. அடகில் இருந்தன.

ஒன்றரை வருடமாகக் கணவர் ஆப்ஷன் டிரேடிங் செய்துகொண்டிருந்தார். அதில் இறங்கும் தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நஷ்டமடைகிறார்கள் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2024-ல் வெளியிட்ட ஆய்வில் சொல்லியிருக்கிறது. அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். “விட்டதைப் பிடிச்சிரலாம்னு நெனச்சேன்” என்றார்.

பணம் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஒன்றரை வருடம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்த மனிதர், இதை மறைத்திருக்கிறாரே... அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடு. “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “நான் வெளிய சாப்பிட்டுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு.” ஏழு வயது மகள்தான் தபால்காரி.

“ஜெபம் பண்ணு, எல்லாம் மாறும்” என்றார் அம்மா. அவளும் ஜெபித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். ‘ஆண்டவரே, அவரை மாத்தும்’ என்ற ஒரே விண்ணப்பம். மாதங்கள் போயின. எதுவும் மாறவில்லை.

அண்ணன் அவளை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார். கிறிஸ்தவர்களின் விவாகரத்து 1869-ம் வருடச் சட்டத்தின்கீழ் வருகிறது என்றும், 2001-ல் திருத்தம் வந்த பிறகுதான் இருவரும் சம்மதித்துப் பிரிய அதில் வழி பிறந்தது என்றும் வக்கீல் விளக்கினார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் பீரோவில் வந்து உட்கார்ந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடப் போட்டி அறிவித்தார்கள். மத்தேயு ஆறாம் அதிகாரம், 34 வசனங்கள். மகள் தினமும் ஹாலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், மன்னிப்பைக் கேட்கும் 12-ம் வசனத்தில் ‘பாவம்’ என்ற சொல் இல்லை; ‘கடன்’ என்றுதான் இருக்கிறது. மகள் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

“கடன்னா என்னப்பா? பாவமா?”

அடுப்படியில் அவள் கை நின்றது. ஹாலில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“திருப்பித் தர்றேன்னு வாங்கிட்டு, தர முடியாம நிக்கிறது பாப்பா” என்றார் அவர். “அப்பா அப்படி நிறைய வாங்கிட்டேன். அம்மாகிட்டயும் சொல்லல.”

சாக்குச் சொல்லாமல் அவர் அதை ஒப்புக்கொண்டது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து மகள் 16-ம் வசனத்துக்கு வந்தாள். பிறர் பார்க்க வேண்டும் என்று வாடிய முகத்தோடு உபவாசம் இருக்கக் கூடாது என்று சொல்லும் பகுதி. இந்த முறை அவளுக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமைகளில் அவள் சாப்பிடாமல் இருந்தது உண்மையில் யாருக்காக? அவர் பார்க்கட்டும், பார்த்துக் குற்றவுணர்ச்சியில் வேகட்டும் என்றுதானே! ஜெபம் என்ற பெயரில் ஆண்டவரிடம் அவள் கொடுத்துக்கொண்டிருந்தது புகார் மனு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் சேகரகுருவைப் பார்த்தார்கள். அவர் முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி கை நீட்டுறது உண்டாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “உண்டுன்னா முதல்ல நீ பத்திரமான இடத்துக்குப் போகணும். மத்ததெல்லாம் அப்புறம். அடி வாங்கிட்டுப் பொறுத்துக்கோன்னு விசுவாசம் சொல்லாது” என்றார். அடி, மிரட்டல் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பிறகு இருவரையும் உட்காரவைத்தார். “மன்னிப்புன்னா கணக்கைப் பார்க்காமலே கிழிச்சுப் போடறது இல்லை. என்ன கடன்னு முழுசாத் தெரிஞ்சாத்தான் அதை மன்னிக்க முடியும். தம்பி, எல்லாத்தையும் எழுது. ஒண்ணுகூட விடாதே. ஒரு கவுன்சலரையும் பாருங்க. ஜெபம் பண்றவங்க டாக்டர்கிட்ட போறதில்லையா? அது மாதிரிதான் இதுவும்” என்றார்.

அன்று இரவு மகள் தூங்கிய பிறகு, கோடு போட்ட ஒரு தாளில் அவர் எழுதினார். நகைக்கடன் 2,80,000. தனிநபர் கடன் 2,00,000. மூன்று ஆப்களில் 90,000. அலுவலக நண்பரிடம் கைமாற்று 70,000. மொத்தம் 6,40,000 ரூபாய். கடைசி இரண்டில் பாதி அவளுக்குத் தெரியாதவை. மறுபடியும் கோபம் வந்தது. சத்தம் போட்டாள், அழுதாள். அவர் எழுந்து போகவில்லை. அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவளும் சொன்னாள். உபவாசத்தைப் பற்றி, அவரைப் பற்றிச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்ததைப் பற்றி, பீரோவில் இருக்கும் காகிதங்களைப் பற்றி.

மறுநாள் எட்டரை மணிக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். பாட்டு வரவில்லை. அதிகாரம் மட்டும் வாசித்தார்கள். ‘அவரை மாத்தும்’ என்று தொடங்க வந்த வாயை அடக்கி, “எங்களுக்கு உண்மை பேசக் கத்துக்கொடும்” என்று ஜெபித்தாள்.

இது நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. டிரேடிங் கணக்கை மூடிவிட்டார். சம்பளம் வந்ததும் இருவரும் சேர்ந்துதான் கணக்குப் பார்க்கிறார்கள். ஆறு முறை கவுன்சலிங் போனார்கள். ஆப் கடன்களும் கைமாற்றும் முடிந்துவிட்டன. வளையல்கள் திரும்பி வந்தன. ஆரம் இன்னும் வங்கியில் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சில இரவுகளில் அவர் போனை எடுத்துப் பார்க்க இன்றும் அவள் கை நீள்கிறது. சில நாள் பார்க்கவும் செய்கிறாள். காலையில் அதை அவரிடமே சொல்லிவிடுகிறாள். “பாரு. அதுக்கு உனக்கு உரிமை இருக்கு” என்கிறார் அவர்.

வக்கீல் கொடுத்த காகிதங்களை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடன் எழுதிய தாள் மட்டும் வீட்டு வேதாகமத்தில், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை எடுத்து, கட்டிய தொகையைக் கழித்து எழுதிவிட்டு, அங்கேயே வைக்கிறார்கள்.

போட்டியில் மகளுக்கு இரண்டாம் பரிசு. 34-ம் வசனத்தில் தடுமாறிவிட்டாளாம். நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லும் வசனம் அது. “பரவாயில்லை பாப்பா... எங்களுக்கும் அது இன்னும் மனப்பாடம் ஆகலை” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள்.